கதைகளில் வரும் ஓடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மறைமலை நகரில் நான் குடியிருக்கும் தெருவில் எழுத்தாளர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்கு எதிர்வீடு என்று விசாரித்து வந்திருந்தார். அதிலேயே அவர் விவரம் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையில் ஒரு கதை வைத்திருந்தார். அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றார்.

கதை ஒரு தீவில் நடக்கிறது. புதிதாகக் கல்யாணமான ஒருவன் மனைவியைத் தன் பூர்விக வீட்டுக்கு அழைத்துப் போகிறான். சொந்தக் கார். கரையோடு ரோடு முடிந்துவிடுகிறது. காரைப் படகில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். அந்தி வேளை, செவ்வானம், ஓடக்காரனின் பாட்டு. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. படகு அவளைத் தாலாட்டுகிறது. பிறகு அக்கரை வருகிறது. கார் இறங்கிப் போகிறது.

நடை நன்றாகவே இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம்.

"தம்பி, படகு ஆடுகிறது, இல்லையா?"

"ஆமாம் சார். நாலாவது பக்கத்தில் தாலாட்டுகிறது என்று எழுதியிருக்கிறேனே."

"அப்படியானால் கார் என்ன ஆயிற்று?"

அவர் விழித்தார். பேச்சை மாற்றுவதற்காக, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் முற்றத்தில், தயாரான வண்டிகளை நீள டிரெய்லர்களில் ஏற்றிக் கட்டி அனுப்புகிற வேலை என்றார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் நாம் தினமும் பார்க்கிறோமே, முதுகிலும் வயிற்றிலும் காரைச் சுமந்துகொண்டு போகும் அந்த ராட்சதப் பூச்சிகள்! அவற்றில் காரை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் வேறு ஆளாகிவிட்டார். பெல்ட்டைக் காரின் உடம்பில் போடக் கூடாதாம், சக்கரத்தின் மேல்தான் போட வேண்டுமாம். உடம்பு ஸ்பிரிங்கின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும், பெல்ட் தளர்ந்துவிடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் நிறுத்தி எல்லாவற்றையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவர் கதை முழுவதிலும் அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்த உயிர் இல்லை.

"இதில் ஒரு வரிகூடக் கதையில் வரவில்லையே, தம்பி?"

"அது வேலை சார்" என்றார் அவர். "இது கதை."

அவர் போன பிறகும் அந்த வார்த்தைகள் போகவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. தமிழ்க் கதைகளில் ஓடங்களுக்குக் குறைவில்லை. காதலுக்கு ஓடம், பிரிவுக்கு ஓடம், வாழ்க்கைக்கு ஓடம், மரணத்துக்கு ஓடம். ஆனால் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஆட்களையும் வண்டிகளையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மறுபடி வந்து, மறுபடி போய், சாயங்காலம் கயிறு கட்டி நிற்கிற ஓடம், உத்தியோகம் பார்க்கிற ஓடம், மிகவும் சொற்பம்.

மற்றவர்களைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு நாவலில் கதாநாயகன் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு இரவில் கடல் கடக்கிறான். நிலா, தனிமை, ஒரு முழு அத்தியாயம். அதைப் பாராட்டிச் சில கடிதங்கள்கூட வந்தன. டொராண்டோவிலிருந்து ஒருவர், பிறந்த ஊர் நெடுந்தீவு என்று சொல்லிக்கொண்டு, நாலே வரி எழுதினார். 'பொழுது பட்டால் எங்கள் ஊருக்குப் படகு கிடையாது. உங்கள் கதாநாயகன் அன்றிரவு துறையிலேதான் படுத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படி எத்தனையோ இரவு படுத்திருக்கிறோம்.' ஆத்திரமாக வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கடைசிப் படகைத் தவறவிட்டவன், அக்கரையில் தாயோ பிள்ளையோ காத்திருக்க, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குதுறைக் கல்லில் உட்கார்ந்திருப்பவன், பக்கத்தில் அவனைப்போலவே மாட்டிக்கொண்ட இன்னும் மூன்று நாலு பேர். நான் எழுதியிருக்க வேண்டிய அத்தியாயம் அதுதான். எனக்கு நிலா தெரிந்திருந்தது. படகு நேரம் தெரிந்திருக்கவில்லை.

பழைய காலத்தில் நாம் இப்படி இல்லை. கம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். குகன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? அன்பு, சகோதர பாசம், கண்ணீர். பட்டிமண்டபங்களில் குகனை அழவைக்காத பேச்சாளர் கிடையாது. ஆனால் பரதன் சேனையோடு கங்கைக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பெருங்கூட்டத்தை அக்கரை சேர்க்கிற பொறுப்பு குகன் தலையில் விழுகிறது. அந்த இடத்தில் கம்பன் தேர்களை மறக்கவில்லை. தேரை அப்படியே ஓடத்தில் ஏற்ற முடியுமா? கொடிஞ்சியையும் தட்டையும் அச்சையும் சக்கரத்தையும் ஒவ்வொன்றாக, முறை தவறாமல் கழற்றுகிறார்கள். குதிரைகளைத் தனியே பிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் வேறு வேறாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகுதான் கவி ஓர் உவமை சொல்கிறான்: செத்த பிறகு உடம்பை மறுபடியும் கூட்டிவைக்கிறதே வினை, அதைப்போல என்று.

நான் கல்லூரிப் படிப்பை முழுக்க முடிக்காதவன். கம்பனில் பாண்டித்தியம் கொண்டாட வரவில்லை. ஆனால் ஒரு கதாசிரியன் என்ற முறையில் அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மறுபிறவியைப் பற்றிய அத்தனை பெரிய எண்ணம் ஓர் அச்சாணியின் மேல் நிற்கிறது. தேரைக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் அந்த உவமை கிடைக்கும். வாகனம் ஏற்றிய ஓடத்தைப் பற்றித் தமிழில் எழுதியவர்களுக்கெல்லாம் முன்னோடி அவன். அவனிடமிருந்து நாம் கண்ணீரை எடுத்துக்கொண்டு அச்சாணியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிற படகுகளில் ஒன்றுக்குக் குகன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்காவது குகன் என்ன வேலை பார்த்தவன் என்பது ஞாபகம் இருந்திருக்கிறது.

வெளிநாட்டு இலக்கியத்தில் ஓடக்காரன் என்றால் படித்தவர்கள் உடனே ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைச் சொல்வார்கள். 1922இல் வந்த புத்தகம். திருலோக சீதாராம் அதைத் தமிழில் கொடுத்தார். அதில் வரும் வாசுதேவன் என்ற ஓடக்காரன் ஆற்றின் குரலைக் கேட்டு ஞானம் பெற்றவன். நானும் இளம் வயதில் அதில் சொக்கிப்போனவன்தான். நாற்பதைத் தாண்டிப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆயிரக்கணக்கான ஜனங்களை அக்கரைக்குக் கொண்டுவிட்டேன், அவர்களுக்கெல்லாம் ஆறு வழியில் குறுக்கே கிடக்கும் ஒரு தடைதான், பணத்துக்கும் வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் யாத்திரைக்கும் போகிறவர்கள், ஆற்றின் பேச்சைக் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான் என்கிற தோரணையில் வாசுதேவன் பேசுகிறான். ஹெஸ்ஸேக்கு அந்த நாலைந்து பேர் போதும். எனக்கு அந்த ஆயிரம் பேர்தான் வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவன் இல்லாவிட்டால் ஓடம் எதற்கு? அவன் கொடுக்கும் காசில்தானே வாசுதேவன் உட்கார்ந்து ஆற்றைக் கேட்டுக்கொண்டிருந்தான்? ஆனாலும் ஹெஸ்ஸே நேர்மையானவர். சித்தார்த்தன் துடுப்புச் செய்யவும் ஓடத்தைப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் விடவில்லை. ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார், அவ்வளவே.

வங்காளத்து மாணிக் பந்தோபாத்யாய 1936இல் 'பத்மா நதியின் படகோட்டி'யை எழுதினார். அதன் நாயகன் குபேர் உண்மையில் மீன் பிடிக்கிறவன். படகும் வலையும் அவனுடையவை அல்ல. பிடித்த மீனில் பாதி படகுக்காரனுக்கு. மீதியைத்தான் உழைத்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவுடன் அந்த நதியே வேறாகத் தெரிகிறது. இரவும் மழையும் அந்த நாவலிலும் உண்டு. ஆனால் அந்த மழையில் நனைகிறவனுக்கு எவ்வளவு பங்கு என்று நமக்குத் தெரியும்.

நம்மவர்களில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. அந்தப் புயல் நம்மைப் பிடித்து உலுக்குவதற்குக் காரணம், அவர் அந்தக் கடல்களின் துறைமுக வாழ்வை அருகிலிருந்து பார்த்தவர். இலங்கையில் செங்கை ஆழியான் நெடுந்தீவை வைத்து எழுதிய 'வாடைக்காற்று' 1973இல் வெளிவந்து 1978இல் திரைப்படமாகவும் ஆயிற்று. அவர் புவியியல் படித்தவர், அரசாங்க நிர்வாகத்தில் இருந்தவர். கதையில் காற்று அலங்காரத்துக்கு வீசவில்லை. வாடை தொடங்கினால் பிழைப்புத் தொடங்குகிறது, வாடை முடிந்தால் மனிதர்கள் பிரிய வேண்டியிருக்கிறது. காதல் கதைதான். ஆனால் பஞ்சாங்கம் தெரிந்தவர் எழுதிய காதல் கதை. இவை இரண்டும் தோணிக்காரர்களும் மீனவர்களும் வருகிற நாவல்கள். அன்றாடம் ஆள் ஏற்றுகிற படகு இன்னும் தன் நாவலுக்குக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த டொராண்டோக் கடிதம் குத்திக்கொண்டே இருந்ததால் இரண்டு வருஷங்களுக்கு முன்பு யாழ்ப்பாணம் போனேன். பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் காரைநகர் சேர்ந்தேன். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். கடைக்கார அம்மாளிடம் வழி கேட்டேன்.

"பாதை அந்தப் பக்கம் நிக்குது. இருங்கோ, வரும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதை எங்கேயாவது வருமா? நாம்தானே பாதையில் போக வேண்டும்? அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தியாவோ?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் பாதை வந்தது. அகலமான ஒரு தட்டு மிதவை. இரண்டு பக்கமும் வண்டி ஏறி இறங்க வசதி. அந்த ஊர் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் பாதை. மட்டக்களப்புப் பக்கத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் ரோடு தண்ணீரில் முடிகிறது. அக்கரையில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் கிடக்க வேண்டிய துண்டு அங்கும் இங்கும் போய்வந்து கொண்டிருக்கிறது. அவர்கள் அதை அப்படிப் பார்க்கிறார்கள். உவமை தேடி அலைகிற நான் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தாலும் இந்த ஒரு சொல் எனக்குக் கிடைத்திருக்காது. வேலை செய்கிற ஜனங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள்.

ஓர் ஆட்டோ, ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு மீன் பெட்டி, நான். ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்தப் போனார். பாதைக்காரர் கையைக் காட்டி, "நடுவில விடுங்கோ, நடுவில" என்றார். பிறகு என்னைக் கண்ணாலேயே எடைபோட்டு, "ஐயா, நீங்கள் இஞ்சாலை வாங்கோ" என்று ஆட்டோவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கவைத்தார். நான் கொஞ்சம் கனத்த சரீரம். என் வாழ்க்கையில் என் கனம் ஒரு காரியத்துக்குப் பிரயோஜனப்பட்டது அன்றுதான். பயணம் பத்து நிமிஷம்கூட இல்லை. ஒரு பக்கம், கடலுக்கு நடுவே டச்சுக்காரர் காலத்துக் கடற்கோட்டை அழகாகத் தெரிந்தது. என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. டீச்சர் ஒருவர் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தார். ஹெஸ்ஸேயின் ஆயிரம் பேரில் பத்துப் பேர் என்னோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் குறிகட்டுவானுக்குப் போனேன். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்துக் கடல். அங்கே 'குமுதினி' என்ற பெயரைச் சொல்லாமல் யாரோடும் பேச முடியாது. பல வருஷம் அந்தத் தீவுக்கு உழைத்த மரப்படகு அது. 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் அதை மறித்து ஏறியவர்கள் பிரயாணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றம் சாட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நினைவேந்தல் நடக்கிறது. கவிதைகளும் கட்டுரைகளும் நிறைய வந்திருக்கின்றன. வரத்தான் வேண்டும்.

ஆனால் அவற்றைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் குறை இதுதான். அந்தப் படகு அந்த ஒரு நாளில்தான் தண்ணீரில் இறங்கியதைப்போல எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பு எத்தனை காலை வேளைகள்! டவுனில் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழியும் ஒடியலும் கொண்டுபோகிறவர்கள், கடல் ஒத்துக்கொள்ளாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்கள், யார் எந்த மூலையில் உட்காருவது என்று எழுதாத சட்டம். அந்தக் காலை வேளைகளை யாராவது எழுதிவைத்திருந்தால், அந்த மே மாதத்துக் காலை வரும்போது வாசகனுக்கு மார்பு அடைத்துப்போகும். எழுதாததால், வெளியூர் வாசகனுக்கு அது ஒரு தேதியாகவும் எண்ணிக்கையாகவும் நின்றுவிடுகிறது. கொன்றவர்கள் பிரயாணிகளை எண்ணிக்கையாக்கினார்கள். எழுதுகிறவர்களாவது அவர்களைத் திரும்பப் பிரயாணிகள் ஆக்க வேண்டாமா? குமுதினி பிறகு பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடியது. அதைவிடப் பெரிய விஷயம் எனக்குத் தெரியவில்லை. அதே பலகையில் அதே ஊர் ஜனங்கள் மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள். ஏனென்றால் டவுனில் வேலை இருந்தது.

ஓடத்தைப் பற்றி நாம் எழுதுகிற இன்னொரு தினுசுக் கதை, பாலம் வந்து ஓடம் போய்விட்டதே என்று புலம்புவது. இதில் எனக்குச் சம்மதமில்லை. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறந்தார்கள், அதுவரை பாதைதான். பக்கத்திலேயே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில், தற்காலிகமாக ஓடிய பாதை 2021 நவம்பர் 23ஆம் தேதி கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தாய்மார்களிடம் போய் ஓடத்தின் அழகைச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? நம் பாம்பனில் 1988இல் ரோட்டுப் பாலம் திறக்கிறவரை ராமேசுவரத்துக்குக் காரோடு போகிறவர்கள் மண்டபத்தில் ரயில் வாகனில் காரை ஏற்ற வேண்டும். என் பெரியப்பா தம் அம்பாஸிடரை அப்படி ஏற்றியதை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். பாலம் வந்தபின் ஒரு தடவையாவது ரயிலில் ஏற்றலாமா என்று அவர் நினைத்ததில்லை.

பாலம் வந்தும் போகாத ஓடங்கள் உண்டு என்பது வேறு விஷயம். கொச்சியில் வைப்பினுக்கு 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தபின்னும் ஃபோர்ட் கொச்சிக்கு நேராகப் போக ஜங்கார் தேவைப்பட்டது. 2018இல் 'சேதுசாகர்' என்று புதிதாகவே கட்டி விட்டார்கள். ஸ்காட்லாந்தில் 'கிளெனகுலிஷ்' என்று ஒரு சின்னஞ்சிறு படகு. 1969இல் கட்டியது, ஆறு கார் பிடிக்கும். அது வேலை பார்த்த பல்லகுலிஷில் 1975இல் பாலம் வந்து வேலை போயிற்று. பிறகு கிளெனெல்க் என்ற ஊரிலிருந்து ஸ்கை தீவுக்கு ஓடத் தொடங்கியது. 1995இல் அந்தத் தீவுக்கும் பாலம் வந்துவிட்டது. இருந்தும் ஊர் ஜனங்களே கம்பெனி வைத்து அதை ஓட்டி வருகிறார்கள். அதன் மேல்தட்டு செக்கைப்போலச் சுற்றும். கரையில் சேர்ந்ததும் கார்கள் நிற்கும் அந்தத் தட்டை ஆட்கள் தோள்கொடுத்துக் கையாலேயே தள்ளித் துறைப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கார் இறங்கிப் போகிறது. இதைப் படத்தில் பார்த்ததும் குகனுடைய ஆட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

கதை என்பது கப்பல் சாஸ்திரமா என்று கேட்கலாம். இல்லை. அந்தியும் பாட்டும் கூடாதா என்றால், தாராளமாக இருக்கட்டும். நடுவில் நிறுத்தச் சொல்கிற குரலும் எங்கேயாவது கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். படகில் ஏறிய புதுப்பெண்ணின் கண்ணீரைவிட, அவள் உட்கார்ந்திருக்கிற கார் நகராமல் இருக்கக் கட்டை வைத்தவனின் முகம் எனக்கு அதிகம் தெரியவேண்டியிருக்கிறது. அவன் கட்டை வைத்ததால்தான் அவளால் நிம்மதியாக அழ முடிகிறது.

போன வாரம் அந்த இளைஞர் மறுபடி வந்தார். கதையைத் திருத்தியிருந்தார். ஓடக்காரனின் பாட்டைக் காணோம். ஒரு பையன் வந்து நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்கிறான். நடுக்கடலில் ஒரு தடவை குனிந்து பார்க்கிறான். அந்தப் பெண் கார்க் கண்ணாடி வழியே அவனைப் பார்க்கிறாள். பழைய கதையைவிட ஒரு பக்கம் குறைவு. படித்து முடித்து நான் நிமிர்ந்தபோது அவர் என்னைக் கேட்டார்:

"சார், காரைப் பாதையில் நிறுத்தினதும் கியரில் விடுவார்களா, ஹேண்ட் பிரேக் மட்டும் போடுவார்களா? டிரெய்லரில் நாங்கள் இரண்டும் செய்வோம். அங்கே எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. காரைநகரில் ஒரு நண்பருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.